வாடகைக்குக் கிடைத்த புரோகிதர் கையொப்பம்

அக்கா மகளின் திருமணத்துக்காக ஊருக்குப் போய் வந்த இந்தப் பயணத்தில் விமானம், மண்டபம், சமையல் எல்லாமே குறை சொல்ல இடமில்லாமல் அமைந்துவிட்டன; ஆகவே அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியதெல்லாம் அந்தத் திருமணத்தைப் பதிவு செய்யப் போன இடத்தில் நடந்ததைத்தான். மாப்பிள்ளை டெக்சாசில் எச்1பி விசாவில் வேலை பார்ப்பவர். அவருடைய விடுப்பு முடிவதற்குள் திருமணச் சான்றிதழ் கைக்கு வந்தால்தான் பெண்ணுக்குத் துணைவருக்கான எச்4 விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். நெடுங்காலமாகக் கலிபோர்னியாவில் இருப்பவன், அங்குள்ள காகித விவகாரங்கள் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியை வைத்து, "தம்பி, இதை நீயே பார்த்துக்கொள்" என்று அக்கா கோப்பை என் கையில் கொடுத்துவிட்டார்.

திருமணம் சுயமரியாதை முறையில் நடந்தது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் தலைமை தாங்கினார். அக்காவுக்கும் அவர்தான் பள்ளியில் பாடம் சொன்னவர். ஓமம் இல்லை, மந்திரம் இல்லை. வாழ்க்கைத் துணைநலத்திலிருந்து சில குறள்களைச் சொல்லி அவர் பொருள் விளக்கினார். மணமக்கள் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகத் தமிழில் உறுதி கூறினார்கள். மாலை மாற்றித் தாலி கட்டியதும் பந்தி தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டில் இதைவிடச் சட்டப்படி உறுதியான திருமணம் வேறு இல்லை என்ற நம்பிக்கையோடுதான் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன்.

என் இளமையில் அந்த அலுவலகத்துக்குப் போவதென்றால், உள்ளே யாரையாவது தெரிந்த ஒரு சித்தப்பாவை முன்னால் விட்டுவிட்டு நாம் வேப்ப மரத்தடியில் காத்திருக்க வேண்டும். இப்போது இணையத்தில் விண்ணப்பிக்கிறோம், நேரம் குறித்துக்கொள்கிறோம், டோக்கன் வருகிறது. ஆனாலும் நாங்கள் போனது முகூர்த்த நாள் என்பதால், நிலப் பத்திரம் பதிய வந்த கூட்டத்தில் எங்கள் டோக்கனுக்கு எந்த மதிப்பும் இருக்கவில்லை. மனைக்கும் மணத்துக்கும் ஒரே வரிசைதான். பிற்பகல் ஆன பிறகு எங்கள் கோப்பைப் பிரித்த எழுத்தர், பிறந்த தேதிச் சான்று, முகவரிச் சான்று, அழைப்பிதழ், மண்டப ரசீது, படங்கள் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஐயர் கையெழுத்து எங்கே சார்?"

"ஐயர் வைத்து நடத்தவில்லை. சுயமரியாதைத் திருமணம்."

"சரி, கோயில் ரசீதாவது இருக்கிறதா?"

"கோயிலில் நடக்கவில்லையே. மண்டப ரசீது வைத்திருக்கிறோம்."

"படிவத்தில் புரோகிதர் என்று ஒரு கட்டம் இருக்கிறது சார். அதைக் காலியாக விட்டால் மேலே அனுப்ப முடியாது. நிரப்பிக்கொண்டு வாருங்கள்."

அவர் கடுமையாகப் பேசவில்லை. பேசியிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். படிவத்தில் இருக்கும் கட்டம் நிரம்ப வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு கவலை எதுவும் இல்லை.

வெளியே வந்ததும் எதிர்ப்புறக் கடைத் திண்ணையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். அவர் பத்திர எழுத்தரா, பத்திர எழுத்தருக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவரா என்பது கடைசி வரை விளங்கவில்லை. உள்ளே பேசியது அத்தனையும் அவருக்குத் தெரிந்திருந்தது. "ஐயர் கையெழுத்துதானே சார், இதற்கா அலைகிறீர்கள்? நம்மிடமே இருக்கிறது. ஆதார் நகலோடு தந்துவிடுகிறோம். வேண்டுமென்றால் கோயிலில் நடந்ததாகவே ரசீதும் போட்டுக்கொள்ளலாம், வெளிநாட்டுக்கு அதுதான் இன்னும் பலம்" என்றார். அவர் கேட்ட தொகையை டாலரில் சொன்னால் இருவர் வெளியே போய்ச் சாப்பிடும் செலவுகூட ஆகாது. மாப்பிள்ளையின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததை நான் கவனித்தேன். விடுப்பு முடியப்போகிறவருக்கு அப்படித்தான் இருக்கும். அக்கா மகள்தான் கேட்டாள்: "மாமா, நம் கல்யாணத்துக்கு வராத ஒருவர் அதை நடத்தி வைத்ததாக எப்படிக் கையெழுத்துப் போடுவார்?"

அந்தக் கேள்விக்குத் திண்ணைக்காரரிடம் பதில் இல்லை. எனக்கோ அன்று இரவெல்லாம் அதே யோசனையாக இருந்தது. அமெரிக்காவில் இந்த வரிசை அப்படியே தலைகீழ். அங்கே முதலில் உரிமம், பிறகுதான் திருமணம். கவுன்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) அலுவலகத்தில் இருவரும் நேரில் போய் வாங்கும் அந்த உரிமம் கலிபோர்னியாவில் 90 நாட்களுக்குச் செல்லும். திருமணத்தை நடத்தி வைத்தவர் அதில் கையொப்பமிட்டு, 10 நாட்களுக்குள் அதைக் கவுன்டியிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும். டெக்சாசில் உரிமம் வாங்கியபின் பொதுவாக 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அங்குள்ள கோயிலில் ஒரு நண்பர் வீட்டுத் திருமணத்துக்குப் போயிருந்தபோது, அர்ச்சகர் சங்கல்பம் தொடங்குவதற்கு முன்பே "லைசென்ஸ் கொண்டுவந்தீர்களா?" என்று கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. நடத்தி வைப்பவருக்கு அங்கே அத்தனை முக்கியத்துவம் இருக்கிறது. ஆனால் அந்தத் தகுதியை இணையத்தில் சில நிமிடங்களில் பெற்றுவிட முடியும் என்பதுதான் வேடிக்கை. யுனிவர்சல் லைஃப் சர்ச் போன்ற அமைப்புகள் கேட்டவருக்கெல்லாம் குருப்பட்டம் தருகின்றன. பல மாநிலங்களில் அது செல்லும்; டென்னசி 2019இல் இணையவழிக் குருப்பட்டத்தை ஏற்க மறுத்துச் சட்டம் இயற்றியது; விர்ஜீனியாவில் நடத்தி வைப்பவர் நீதிமன்றத்தின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். பென்சில்வேனியாவிலோ குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரின் மரபையொட்டி, நடத்தி வைப்பவரே இல்லாமல் மணமக்கள் தாங்களே கையொப்பமிடும் தனி உரிமமும் உண்டு.

தமிழ்நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் பென்சில்வேனியாவுக்கு இளைத்ததில்லை. சுயமரியாதைத் திருமணங்கள் இந்துச் சட்டப்படி செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதால், பல குடும்பங்களின் வாரிசுரிமையே கேள்விக்குள்ளானது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் நிறைவேறிய திருத்தம், 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நடந்த திருமணங்களுக்கும் செல்லுபடித் தன்மை தந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு எவர் முன்னிலையிலும் இருவரும் தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவித்து, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும் திருமணம் முடிந்தது. புரோகிதர் கட்டாயமில்லை, தலைமை தாங்குபவர்கூடச் சட்டத்துக்குத் தேவையில்லை. வழக்கறிஞர் அலுவலகத்தில் நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 2014இல் உயர் நீதிமன்றம் கூறியதை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் ரத்து செய்து, ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்று தெளிவுபடுத்தியது. சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. படிவத்தில் உள்ள கட்டம் மட்டும் இன்னும் ஐயரையே தேடிக்கொண்டிருக்கிறது.

திண்ணையில் விற்கப்பட்ட கையொப்பத்தை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். உரிய சடங்கு நடக்காமல் வெறும் சான்றிதழ் வாங்கியதால் இந்துத் திருமணம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கில் இருவரிடமும் பதிவுச் சான்றிதழ் இருந்தும் திருமணமே இல்லை என்று முடிந்தது. எங்கள் வீட்டில் நிலைமை எதிர்மாறு: உண்மையான திருமணம் நடந்திருக்கிறது, அதன் மீது பொய்யான கோயிலையும் பொய்யான புரோகிதரையும் ஒட்டவைக்கப் பார்த்தார்கள். நாளை தூதரக அதிகாரி திருமணப் படங்களைக் கேட்கும்போது, படத்தில் மண்டபமும் சான்றிதழுக்குப் பின்னால் உள்ள ஆவணத்தில் கோயிலும் இருந்தால், இல்லாத சந்தேகத்தை நாமே காசு கொடுத்து வாங்கியதாகிவிடும். விசா விஷயத்தில் பொய் ஆவணம் என்று ஒருமுறை முத்திரை விழுந்தால் அதைத் துடைப்பது எளிதல்ல.

மறுபடி போனபோது, எழுத்தரிடம் நிற்காமல் சார்பதிவாளரையே பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். சட்டப் பிரிவையும் தீர்ப்பையும் அச்செடுத்து, வாதாடும் மனநிலையில்தான் இருந்தேன். எதற்கும் அவசியம் ஏற்படவில்லை. சார்பதிவாளர் இளவயதுப் பெண்மணி. அழைப்பிதழில் "தலைமை" என்ற சொல்லுக்குக் கீழே இருந்த பெயரைப் படித்ததுமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "இதில் என்ன சிக்கல்? நடத்தி வைத்தவர் என்ற இடத்தில் தலைமை தாங்கியவர் கையொப்பமிடட்டும். செவன் ஏ திருமணம் என்று குறிப்பில் எழுதிக்கொள்ளலாம். அவருடைய அடையாள அட்டை நகல் ஒன்று வையுங்கள், வயதானவரை அலைக்கழிக்க வேண்டாம்" என்றார். பின்னர் எழுத்தரைக் கூப்பிட்டு, முகம் சிவக்க வைக்காமல், அடுத்த முறை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லியும் கொடுத்தார். கலிபோர்னியாவில் வாகனத் துறை அலுவலகத்தில் ஒரு மனிதரும் நம் காகிதத்தை இப்படி வாசித்துப் பார்த்து முடிவெடுத்து நான் கண்டதில்லை. அங்கே விதி தெளிவாக இருக்கும், ஆனால் விதிக்குப் பின்னால் ஆள் இருக்க மாட்டார். இங்கே ஆளைப் பொறுத்தே எல்லாம் இருக்கிறது. நல்லவரிடம் போய்ச் சேரும் வரை திண்ணைக்காரர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

தமிழாசிரியர் அதற்குள் மகள் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போயிருந்ததால், மாப்பிள்ளையின் தம்பி படிவத்தை எடுத்துக்கொண்டு இரவுப் பேருந்தில் போய்க் கையொப்பம் வாங்கி வந்தார். பெரியவர் பச்சை மையில் ஒப்பமிட்டு, தேதியையும் தமிழில் எழுதியிருந்தார். எழுத்தர் அதை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வைத்துக்கொண்டார்.

அடுத்து கவனிக்க வேண்டியது பெயர். தமிழ்நாட்டுக்காரர்களின் முன்னெழுத்து, கடவுச்சீட்டில் தந்தை பெயராக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஆதாரில் ஓர் எழுத்தாகவே இருக்கும். சான்றிதழில் ஆங்கில எழுத்துக்கூட்டல் கடவுச்சீட்டில் உள்ளபடியே வர வேண்டும் என்று விண்ணப்பிக்கும்போதே சரிபார்த்துக்கொள்வது நல்லது. பிறகு திருத்தம் கேட்பதற்குப் பதில் இன்னொரு திருமணமே நடத்திவிடலாம். ஆவணம் வெளிநாட்டில் செல்வதற்காக அரசு இடும் அப்போஸ்டில் முத்திரை பெற்றுத் தருவதாகவும் ஒரு முகவர் வந்தார். அமெரிக்க விசாவுக்கு அது தேவையே இல்லை. அது தேவைப்படும் நாடுகள் வேறு. எந்த அலுவலகத்தில் காட்டப் போகிறோமோ அந்த அலுவலகத்தின் பட்டியலைப் பார்த்த பிறகே அதற்குச் செலவு செய்ய வேண்டும்.

உறவுகளில் இன்னும் சிலர் இதே வழியில் வரவிருப்பதால் வேறு சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எந்த மதத்தவரும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாட்கள் அவகாசம் உண்டு. பெண்ணோ மாப்பிள்ளையோ வேற்று மதத்தவராக இருந்தால், எவ்வளவு பெரிய சாஸ்திரிகளை அழைத்து நடத்தினாலும் அது இந்துத் திருமணச் சட்டத்துக்குள் வராது. 2008இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்துள்ளது. அவர்கள் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத்தான் போக வேண்டும். அதில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாட்கள் தங்கியிருக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்த பின் ஆட்சேபணைக்காக மேலும் 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். இரண்டு வார விடுப்பில் வந்து அதை முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் பணம் கொடுக்க வேண்டாம். தேவாலயத் திருமணத்தில் நடத்தி வைப்பவரின் தகுதி உண்மையிலேயே முக்கியம். 1872ஆம் ஆண்டின் கிறித்தவத் திருமணச் சட்டம் யார் யார் நடத்தலாம் என்று வரையறுத்திருக்கிறது, ஆகவே போதகர் அரசு உரிமம் பெற்றவரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அமெரிக்காவிலேயே கவுன்டியில் பதிந்துவிட்டு ஊரில் வந்து தாலி கட்டுகிறவர்கள், இங்கே இரண்டாவது தேதியில் மறுபடி பதிவு செய்யப் போவதற்குமுன் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். குடியேற்றப் படிவங்கள் திருமணத் தேதி ஒன்றைத்தான் கேட்கும்.

சுயமரியாதைத் திருமணம் செய்பவர்கள் படிவத்தை முன்கூட்டியே அச்செடுத்து மண்டபத்துக்குக் கொண்டுபோய், தலைமை தாங்குபவரும் சாட்சிகளும் பந்தியில் உட்காருவதற்கு முன்பே கையொப்பம் வாங்கிவிடலாம். அழைப்பிதழில் அவருடைய முழுப்பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கட்டும். மாலை மாற்றும் படத்தில் அவரும் தெரியும்படி நிற்கச் சொல்லுங்கள்.