தீயா, மியூகுனாவா, சீமைக்கொன்னையா? மலைச்சரிவு விளைக்கு நாங்கள் எடுத்த முடிவு

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்ததில் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. கடையாலுமூடு பக்கம் எங்கள் குடும்பத்து விளையும் (மேட்டுநிலத் தோட்டம்) அதில் தப்பவில்லை. தடியை விற்று முடித்தபோது சரிவு முழுக்கக் கொப்பும் சவறும் கிடந்தன. அக்கம்பக்கத்தில் கேட்டால் மூன்று வழி சொன்னார்கள். தீ வைத்துவிட்டு மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) போடலாம். திரும்ப ரப்பர் வைத்து நடுவில் மியூகுனா என்ற மூடுபயிர்க் கொடியைப் படர விடலாம். இல்லையென்றால் சரிவுக்குக் குறுக்கே சீமைக்கொன்னையை வரிசையாக நட்டு இடைவெளியில் பயிர் செய்யலாம். வேளாண்மைக்காரர்கள் கிளைரிசிடியா என்று சொல்வது இந்த மரத்தைத்தான். நாங்கள் இந்த மூன்றாவது வழிக்குப் போனோம். மலையோரக் குடும்பங்கள் என்னிடம் கேட்டாலும் இதையே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு.

தீ வைப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆள் கூலி ஏறிக் கிடக்கும் ஊரில், பல நாள் வேலையைத் தீ ஒரு மத்தியானத்தில் முடித்துவிடுகிறது. களை விதையும் சேர்ந்து வெந்துபோகிறது. சாம்பலில் பொட்டாசும் சுண்ணாம்பும் கொஞ்சம் பாஸ்பரசும் இருப்பதால், புளிப்பான நம் செம்மண்ணில் முதல் வருடம் மரச்சீனி மூட்டுக்கு மூடு பருத்து வரும். ஆனால் தழையிலிருந்த நைட்ரஜன் பெரும்பாலும் புகையோடு போய்விடுகிறது. மிஞ்சிய சாம்பலை வைகாசி, ஆனி மழை ஓடைக்குக் கொண்டுபோகிறது. மரச்சீனியைப் பிடுங்கும்போது இளகுகிற மண் அடுத்த மழைக்கு இறங்கிவிடும்.

முன்பு பேச்சிப்பாறை மலையில் காணிக்காரர்கள் என்ற பழங்குடியினர் ஒரு துண்டை எரித்து விதைத்துவிட்டு, அதைப் பல வருடம் காட்டுக்கே விட்டுவிட்டு வேறு இடம் போவார்கள். திரும்பி வரும்போது மண் தேறியிருக்கும். மண்ணைத் தேற்றியது அந்த ஓய்வுதான், நெருப்பு இல்லை. இன்றைக்கு எல்லாருக்கும் சென்ட் கணக்கில் அளந்த நிலம். விட்டுப்போக இடம் இல்லை. அதே துண்டை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எரித்தால் ஒவ்வொரு முறையும் கிழங்கு சிறுக்கத்தான் செய்யும்.

ரப்பர், மியூகுனா வழியை அதிகம் விரிக்க வேண்டியதில்லை. மண்ணைப் பிடித்து வைப்பதில் மியூகுனாவுக்கு நிகராக நான் எதையும் பார்த்ததில்லை. கன்றில் ஏறாமல் கொடியை அடிக்கடி இழுத்துவிட்டால் போதும். ஆனால் அது மூடிய இடத்தில் வீட்டுக்குச் சோறு போடும் பயிர் எதுவும் வளராது. பால் எடுக்க ஏழு வருடம் ஆகும். சம்பளம் வருகிற வீட்டுக்குச் சரி. விளையையே நம்பியிருக்கும் வீடு என்றால் அந்த ஏழு வருடத்தை எப்படி ஓட்டும்?

சரிவுக்குக் குறுக்கே மர வரிசை நடுவது நம் ஊரில் பிறந்த யோசனை இல்லை. பிலிப்பைன்சின் மிண்டனாவோ தீவில் 1970-களில் அமெரிக்க மிஷனரி ஹரால்ட் வாட்சன் குழுவினர் மலைவாழ் விவசாயிகளுக்காக இதை ஒரு முறையாக்கினார்கள். அவருக்கு 1985-இல் மகசேசே விருது கிடைத்தது. இரண்டு கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, குறுக்கே ஒன்று வைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய கயிற்றைத் தொங்கவிட்டால் சரிவில் சமமட்டம் பார்க்கலாம். அந்த மட்டத்தில் நான்கைந்து மீட்டருக்கு ஒரு இரட்டை வரிசை நட வேண்டும். மேலிருந்து வரும் மண் வரிசையில் தங்கித் தங்கி, போகப்போகப் படிபோலத் தட்டு விழும். கல்கட்டு வேண்டாம்.

மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராசில் இப்படி வரிசையாக நடுவது இங்கா என்ற மரம். பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர் மைக் ஹேண்ட்ஸ் கோஸ்டாரிக்காவில் சோதனை செய்து பார்த்து அதைத் தேர்ந்தெடுத்தார். அதன் இலை தடிப்பு. மெதுவாக மக்குவதால் களையை அமுக்கி வைக்கும். சீமைக்கொன்னையின் குறையே இதுதான். அதன் இலை சில வாரத்தில் கரைந்துவிடும். பயிருக்கு நைட்ரஜன் சீக்கிரம் கிடைக்கும், களைக்கும் சீக்கிரம் வெளிச்சம் கிடைத்துவிடும். நாங்கள் அதன்மேல் சக்கை (பலா), அயினி (காட்டுப்பலா வகை), கொல்லா (முந்திரி) மரங்களின் சருகைப் பரத்துகிறோம். பாஸ்பரசை எந்த மரமும் புதிதாக உண்டாக்கித் தராது. அதற்கு ராக் பாஸ்பேட் வாங்கிப் போடத்தான் வேண்டும்.

இனி அந்த நிபந்தனைக்கு வருகிறேன். எல்லாமே கொப்பு வெட்டுவதில் நிற்கிறது. எங்கள் பக்கத்துக் காணிக்காரப் பெரியவர் ஒருவர் வரிசைகளைப் பார்த்துவிட்டு, "தீ வச்சா ஒரு நாளு வேலை மக்கா. இதுக்கு வருசம் முழுக்க ஆளு வேணும்லா" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. நமக்கு இரண்டு மழைக்காலம். ஆனியிலும் ஐப்பசியிலும் சீமைக்கொன்னை வளரும் வேகத்துக்கு வெட்டுகத்தி ஈடுகொடுத்தாக வேண்டும். வருடத்துக்கு மூன்று நான்கு தடவையாவது இடுப்பு உயரத்துக்கு வெட்டி இறக்காவிட்டால், நடுவில் இருக்கும் மரச்சீனி நிழலில் நீண்டு வெளிறிப்போகும். சில சீமைக்கொன்னையில் நல்லமிளகுக் (குறுமிளகு) கொடி ஏற்றியிருக்கிறோம்; அந்த மரங்களை இடுப்பளவுக்கு இறக்க முடியாது. பக்கக் கொப்புகளை மட்டும் கழிக்க வேண்டும். கழிக்காமல் விட்டால் ஈரம் தங்கி வாடல் நோய்க்கு வழியாகிவிடும். மழைக்காலத்தில் கொப்பு வெட்ட ஆள் இல்லாத வீட்டுக்கு இந்த முறையைச் சிபாரிசு செய்ய மாட்டேன். வரிசை காடாகிவிடும், அப்புறம் அதற்கும் தீதான்.

ஆகவே, உதவ வருகிறவர்கள் கம்பும் கன்றும் கொடுத்துவிட்டு, ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு போனால் பலன் இல்லை. முதல் இரண்டு வருடம் வெட்டுக்கூலிக்கு வழி செய்ய வேண்டும். அல்லது நாலைந்து வீடுகள் சேர்ந்து, இந்த வாரம் ஒருவர் விளை, அடுத்த வாரம் மற்றவர் விளை என்று முறை வைத்து வெட்ட உதவ வேண்டும். வெட்டுகிற வேலைக்குக் கையில் உடனே ஏதாவது வந்தால் யாரும் சொல்லாமலே வெட்டுவார்கள். ஹோண்டுராசிலும் வெட்டிய கொப்பு விறகானது குடும்பங்களுக்குப் பெரிய ஆதாயம். இங்கே அடுப்புக்கு மட்டுமில்லை, ரப்பர் ஷீட் புகைக்கிற அறைக்கும் காய்ந்த கொப்பு உதவுகிறது. தழையை வாடப் போட்டுக் கொடுத்தால் ஆடு தின்னும்.

விலையைப் பொறுத்தவரை, மரச்சீனியை நம்பி மட்டும் இதில் இறங்காதீர்கள். எங்களுக்குக் கணக்கை நேராக்குவது நல்லமிளகு. காய வைத்து மூட்டை கட்டினால் விலை வரும்வரை வைத்திருக்கலாம். கிழங்கைப் பிடுங்கினால் இரண்டு மூன்று நாளுக்குள் விற்றாக வேண்டும். எங்களுடையது தண்ணீர் வடிகிற சரிவு. வயலோரத் தாழ்ந்த இடத்தில் கொடி எப்படி நிற்கும் என்று என் அனுபவத்தை வைத்து உறுதி சொல்ல மாட்டேன்.

ஒரே மரத்தையும் நம்பாதீர்கள். முன்பெல்லாம் நல்லமிளகுக் கொடி ஏறுவதற்கு முருக்கு மரம்தான் தாங்கல். 2005 வாக்கில் குளவிப் பூச்சி வந்து இலையெல்லாம் முடிச்சு முடிச்சாகி மரங்கள் பட்டுப்போயின. பிலிப்பைன்சிலும் 1980-களின் நடுவில் சூபாபுல் மர வரிசைகளைப் பேன் பூச்சி அழித்தபிறகுதான் பல மரங்களைக் கலந்து நட ஆரம்பித்தார்கள். வரிசைக்கு நடுவே அயினியோ சக்கையோ ஒன்றிரண்டு நிற்கட்டும்.

தொடங்குகிறவர்கள் பத்து சென்டில், சரிவின் மேல் முனையிலிருந்து தொடங்குங்கள். மாசி, பங்குனியில் மட்டம் பார்த்துக் குறி வைத்துவிடலாம். கோடை மழை பெய்து மண் நனைந்ததும் கை பருமன் உள்ள முற்றிய கம்பாக வெட்டி நடலாம். கம்பு நம் ஊர் வேலிகளிலேயே கிடைக்கும்; கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.