வெக்கைக்குள் ஓடுபவரின் மணிக்கூடு: யாழ்ப்பாணத்தில் சில ஆண்டுப் பயன்பாட்டின் பின்

2021 ஆம் ஆண்டின் கடைசியில் வாங்கிய ஜிபிஎஸ் மணிக்கூடு ஒன்றை இன்றுவரை கையில் கட்டிக்கொண்டு யாழ்ப்பாண வீதிகளில் ஓடி வருகிறேன். அது எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பது இங்கே முக்கியமில்லை. மணிக்கட்டில் பச்சை ஒளியைப் பாய்ச்சி இதயத் துடிப்பை அளப்பதையும் செய்மதிகளின் துணையோடு தூரத்தைக் கணிப்பதையும் நடுத்தர விலையில் கிடைக்கும் எல்லா மணிக்கூடுகளும் ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் செய்கின்றன. பெட்டி திறந்த முதல் மாதத்தில் எழுதப்படும் மதிப்புரைகள் திரையின் துலக்கத்தையும் பட்டியின் நிறத்தையும் பற்றிப் பேசுகின்றன. நம் ஊரின் வெயிலையும் உப்புக் காற்றையும் மாரி மழையையும் பலமுறை கண்ட பிறகு அதே கருவி எதற்குப் பயன்படுகிறது என்பதைத் தமிழில் எவரும் எழுதி நான் வாசித்ததில்லை. நான் போட்டிகளில் ஓடுபவள் அல்லள். நாற்பதைக் கடந்த, அலுவலகத்துக்குப் புறப்படுமுன் வாரத்தில் நான்கைந்து நாள் ஓடும், இரண்டு பிள்ளைகளின் தாய். என்னைப் போன்றவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது வெப்பத்தைப் பற்றி. ஓட்டம் பற்றி நாம் வாசிக்கும் பயிற்சி அட்டவணைகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அவை கிலோமீற்றருக்கு இத்தனை நிமிடம் என்று வேகத்தைக் குறித்துத் தருகின்றன. யாழ்ப்பாணத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் விடியுமுன்பே வெப்பநிலை 27, 28 பாகை செல்சியஸில் நிற்கும். கடல் சூழ்ந்த நிலமாதலால் காற்றில் ஈரப்பதனும் குறையாது. வியர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விப்பதுமில்லை. அந்த நிலையில் உடல் சூட்டை வெளியேற்றுவதற்காக இரத்தத்தில் ஒரு பங்கைத் தோலுக்கு அனுப்புகிறது. வியர்வையாகப் போகும் நீரால் இரத்தத்தின் கனவளவும் குறைகிறது. ஆகவே தசைகளுக்கு வேண்டிய அளவு இரத்தத்தைச் சேர்ப்பிக்க இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. வேகத்தை ஒரே அளவில் வைத்து ஓடினாலும், அரை மணி நேரம் கடந்ததும் துடிப்பு மட்டும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டு போவதற்கு இதுவே காரணம்.

மணிக்கூட்டில் நான் இப்போது ஓடும்போது பார்ப்பது இந்த ஒரு எண்ணைத்தான். இலகுவான ஓட்டத்துக்கு நிமிடத்துக்கு 145 துடிப்பு என்று ஓர் எல்லை வைத்திருக்கிறேன். தை மாதத்தில், வாடைக் காற்று வீசும் விடியலில், அந்த எல்லைக்குள் கிலோமீற்றரை ஆறரை நிமிடத்தில் கடக்கிறேன். சித்திரையில் அதே துடிப்புக்கு ஏழரை நிமிடமும் போதாது. வேகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், மூன்று மாதப் பயிற்சிக்குப் பின் என் நிலை மோசமாகிவிட்டது என்றே எண்ணத் தோன்றும். நம் ஊரில் உற்சாகமாகத் தொடங்கும் பலர் பங்குனி, சித்திரையில் ஓட்டத்தைக் கைவிடுவதற்குச் சோம்பலைவிட இந்த ஏமாற்றமே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. துடிப்பைப் பார்த்து ஓடுபவருக்கு அந்த ஏமாற்றம் வருவதில்லை. அவர் செய்த உழைப்பு தையிலும் சித்திரையிலும் ஒன்றுதான் என்பதை மணிக்கூடு எண்ணாகவே காட்டிவிடுகிறது. வெக்கை தொடங்கியபின் இரண்டு வாரம் வரை பொறுமையாக ஓடினால் உடல் அதற்குப் பழகிக்கொள்வதையும், அதே வேகத்துக்கான துடிப்பு சற்று இறங்குவதையும் பதிவுகளில் பார்க்கலாம்.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் பண்ணைப் பாலம். கோட்டையைக் கடந்து வேலணைப் பக்கமாக ஓடினால், ஆனி, ஆடி மாதங்களில் சோளகக் காற்று முகத்தில் அறையும். இரு பக்கமும் கடல். ஒதுங்க ஒரு மரமில்லை. போகும்போது வேகம் எட்டு நிமிடத்துக்கு விழுந்துவிடும். ஆனால் அந்தக் காற்றே வியர்வையை உலர்த்துவதால் துடிப்பு எதிர்பார்த்த அளவுக்கு ஏறுவதில்லை. திரும்பும்போதுதான் வேடிக்கை. காற்று முதுகைத் தள்ள, கால்கள் தாமாக ஓடுவதுபோல இருக்கும். வேகம் ஆறே முக்காலுக்கு வந்துவிடும். ஆனால் காற்றும் நாமும் ஒரே திசையில் போவதால் உடலைச் சுற்றிய காற்று அசையாமல் நின்றதுபோல ஆகிவிடுகிறது. கழுத்தில் வியர்வை கட்டி நிற்கிறது. இலகுவாக ஓடுகிறோம் என்று மனம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எண் 150ஐத் தாண்டிவிடுகிறது. அந்த இடத்தில் மணிக்கூடு மெல்ல அதிரும். நான் நடைக்கு மாறுவேன். மூச்சை மட்டும் நம்பி ஓடியிருந்தால் இதை நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

ஆனால் அந்த எண் எப்போதும் உண்மையைச் சொல்கிறதா என்றால், இல்லை. பட்டி தளர்வாக இருந்தால் ஒளி வெளியே கசிந்து, கருவி இதயத் துடிப்புக்குப் பதிலாகக் காலடித் தாளத்தை எண்ணத் தொடங்கிவிடும். நிதானமாக ஓடும்போது திடீரென 170ஐக் காட்டி அங்கேயே நின்றால், அது பெரும்பாலும் நிமிடத்துக்கு நாம் வைக்கும் அடிகளின் எண்ணிக்கைதான். மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி இறுக்கமாகக் கட்டுவதும், ஓடுமுன் கருவியின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைப்பதும் இதைப் பெருமளவு தவிர்க்கும். அதேபோல, மணிக்கூடு தானாகவே வகுத்துத் தரும் துடிப்பு வலயங்களை, அதாவது இலகு ஓட்டம், கடின ஓட்டம் என்று பிரித்த துடிப்பு எல்லைகளை, அப்படியே ஏற்க வேண்டாம். அவை பெரும்பாலும் 220 இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய சூத்திரத்தில் பிறந்தவை. அது ஒரு சராசரிதான். ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு வரை மாறும். அந்தக் கணக்கின்படி என் உச்சம் 180 ஐ எட்டக்கூடாது. துரையப்பா விளையாட்டரங்கில் முழு வேகத்தில் ஓடிய சுற்றுகளில் 188 ஐக் கண்ட பின், வலயங்களை நானே திருத்திக்கொண்டேன். பயிற்சியின் அருமை கூடியது அதன் பிறகுதான்.

வெயிலைத் தவிர்க்க வேண்டுமானால் இருட்டில் ஓட வேண்டும். தை மாதத்தில் சூரியன் 6.30 மணிக்குக் கிட்டத்தான் எழும். ஐந்து மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிடும் ஒரு பெண்ணுக்கு இங்கே உடற்களைப்பைவிடப் பாதுகாப்பு பெரிய கவலை. கைத்தொலைபேசியையும் இடுப்புப் பையில் கொண்டுபோனால், நான் எங்கே ஓடிக்கொண்டிருக்கிறேன் என்பதை மணிக்கூடு வீட்டாருக்குக் காட்டிக்கொண்டிருக்கும். கணவரின் சம்மதத்தைவிட அம்மாவின் மனநிம்மதிக்கே அது கூடுதலாக உதவியது. ஒழுங்கைகளில் படுத்திருக்கும் கட்டாக்காலி நாய்களுக்கு எந்தக் கருவியாலும் தீர்வில்லை. அவை குரைத்து வந்தால் ஓடாமல் நின்று, முகம் திருப்பாமல் மெதுவாக நடந்து விலக வேண்டும். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு நன்றாகக் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும்.

விடிந்தபின் ஓட்டத்தை முற்றவெளியில் முடித்து நடக்கும்போது, அங்கே நாள்தோறும் நடைப்பயிற்சி செய்யும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைச் சந்திப்பேன். “பிள்ளை, இண்டைக்கு உம்மட மணிக்கூடு என்ன சொல்லுது?” என்று கேட்பார். “மெதுவாப் போகட்டாம், ஐயா” என்றால், “அப்ப கேளும், நல்ல மணிக்கூடுதான்” என்பார். செயலி அனுப்பும் வாழ்த்துகளையும் மின்பதக்கங்களையும் நான் முதல் ஆண்டிலேயே நிறுத்திவிட்டேன். ஆனால் இந்த ஒரு கேள்விக்காகவே மழை மூட்டமான நாட்களிலும் சப்பாத்துக் கட்டியிருக்கிறேன்.

ஓடாத நேரத்தில் மணிக்கூடு தரும் பயனைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். இரவில் கட்டிக்கொண்டு படுத்தால் ஓய்வுநிலைத் துடிப்பை அது பதிந்து வைக்கிறது. பெண்களுக்கு மாதச் சுழற்சியின் பிற்பாதியில் உடல் வெப்பம் அரைப் பாகை வரை உயரும். ஓய்வுநிலைத் துடிப்பும் சில எண் ஏறும். யாழ்ப்பாண வெக்கையில் அந்த அரைப் பாகை சிறிய விடயமல்ல. அந்த நாட்களில் ஓட்டம் ஏன் பாரமாக இருக்கிறது என்று விளங்காமல் தம்மையே நொந்துகொள்ளும் பெண்களை நான் அறிவேன். சில மாதங்களின் வரைபடத்தை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது ஏறும் நாட்களும் இறங்கும் நாட்களும் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. கடினமான பயிற்சியைச் சுழற்சியின் முற்பாதிக்கு மாற்றியது, பிற்பாதியில் தூரத்தைக் குறைக்காமல் வேகத்தை மட்டும் குறைத்தது ஆகிய இரண்டும் எனக்கு மிகவும் ஒத்துவந்தன. பயிற்சி நூல்கள் இதைப் பற்றி ஓரிரு வரியோடு நின்றுவிடுவது எனக்கு உண்மையான வருத்தம்.

ஒரு மாரிகாலத்தில் கடும் காய்ச்சல் வந்தது. டெங்கு இல்லை என்று இரத்தப் பரிசோதனை காட்டியது. நான்கு நாளில் சூடும் தணிந்தது. ஆனால் வழமையில் 58 இல் நிற்கும் ஓய்வுநிலைத் துடிப்பு, உடம்பு தேறிவிட்டது என்று எல்லோரும் சொன்ன பிறகும் 67 இலிருந்து இறங்க மறுத்தது. மருத்துவரின் அறிவுரைப்படி, அது பழைய இடத்துக்கு வரும்வரை நடையோடு மட்டும் நின்றேன். வைரசுக் காய்ச்சலுக்குப் பின் அவசரப்பட்டு ஓடுவது இதயத்தசை அழற்சிக்கு இடம் கொடுக்கலாம் என்பதால், இந்தப் பொறுமை தேவையானது. மணிக்கூடு மருத்துவக் கருவி அல்ல. நோயை அது சொல்லாது. இன்னும் பொறு என்று சொல்ல அதற்குத் தெரியும்.

தூரக்கணிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உயர்ந்த கட்டடங்கள் குறைந்த, மேடு பள்ளமற்ற நிலத்தில் செய்மதித் தொடர்பு விரைவாகக் கிடைக்கிறது. நல்லூரைச் சுற்றியுள்ள நிழல்மர ஒழுங்கைகளில் சற்றுத் தடுமாறும். விளையாட்டரங்கில் சுற்றுக்கணக்கில் ஓடும்போது வளைவுகளை அது சரியாகப் பிடிப்பதில்லை என்பதால், அங்கே பொத்தானை அமர்த்திச் சுற்று நேரத்தைக் குறித்துக்கொள்வதே நம்பகமானது. ஏற்றம் எத்தனை மீற்றர் என்று அது தரும் கணக்கு எங்கள் தட்டையான குடாநாட்டில் எவருக்கும் தேவைப்படாது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கோயில் வீதிகள் அடியார்களுக்கு உரியவை. அப்போது அரியாலைப் பக்கம் போய்விடுவேன்.

2022 இன் பொருளாதார நெருக்கடியில் இந்தக் கருவியின் மின்கலம் தன் மதிப்பைக் காட்டியது. பங்குனி இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டது. நாளாந்தம் மின்னேற்ற வேண்டிய மணிக்கூடு வைத்திருந்தவர்கள் அதைக் கழற்றி வைத்தார்கள். என்னுடையது ஒரு மின்னேற்றத்துக்கு ஒன்றரை வாரம் தாங்கியது. எரிபொருள் இன்றி வாகனங்கள் ஓய்ந்திருந்த பலாலி வீதியில் அப்போது துவிச்சக்கர வண்டிகளும் என்னைப் போன்ற சிலரும் மட்டுமே. எத்தனையோ குடும்பங்கள் அல்லற்பட்ட காலம் அது. ஓட்டம் இல்லாமல் அந்த மாதங்களை நான் கடந்திருக்க முடியாது.

வியர்வையும் உப்பும் பட்டியின் அடியில் தங்கித் தோலில் சொறியை உண்டாக்கும். ஒவ்வொரு ஓட்டத்தின் பின்னும் மணிக்கூட்டையும் கையையும் நன்னீரில் கழுவி உலரவிட்டு, பகலில் மறு கைக்கு மாற்றிக் கட்டினால் அது வராது. கடற்காற்றில் ஓடுபவர்கள் பொத்தான்களின் இடுக்குகளையும் கழுவ வேண்டும். பட்டி இரண்டாம் ஆண்டின் முடிவில் வெடித்துவிட்டது. மாற்றுப்பட்டி ஊரில் கிடைக்காமல் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டியிருந்தது.

எவ்வளவு நீர் இழந்தோம் என்பதை இது அளப்பதில்லை. அதற்கு வீட்டில் இருக்கும் நிறுவைத் தராசே போதும்: ஓடுமுன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர். தேசிக்காய்த் தண்ணீரில் உப்பும் சீனியும் கலந்து குடிப்பதே எனக்கு ஒத்துவருகிறது. மணிக்கூடு காட்டும் கலோரிக் கணக்கை நம்பிச் சாப்பாட்டைக் கூட்டுவதோ குறைப்பதோ கூடாது. ஓட்டத் தகுதிக்கு அது தரும் மதிப்பெண்ணும், வெக்கை மாதங்களில் நம் தகுதி குறையாமலேயே இறங்கி மாரியில் ஏறும். அதைப் பார்த்துச் சோர்வது வீண். முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அவர்கள், 70 வயதைக் கடந்த நிலையில், 2023 இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1,500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். எந்த மதிப்பெண்ணும் தராத துணிவை எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அந்தச் செய்தி தந்தது. அதன்பின் என்னோடு ஓட வந்த இருவரிடம் மணிக்கூடு இல்லை. இலகு ஓட்டத்தில் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்க்கச் சொன்னேன். அவர்களுக்கு அதுவே போதுமாக இருக்கிறது.

மின்கலம் இப்போது ஒரு வாரத்துக்குமேல் தாங்குவதில்லை. அடுத்ததை வாங்கும்போது தொடுதிரையைத் தவிர்ப்பேன், ஏனெனில் வியர்த்த விரலுக்கும் மாரி மழைக்கும் பொத்தான்களே ஈடுகொடுக்கின்றன. விலை கூடிய வகையை நாடாமல், மிஞ்சும் பணத்துக்கு மார்பில் கட்டும் துடிப்பளவிப் பட்டி ஒன்றை வாங்குவேன். இதயத்தின் மின்குறிப்பை நேரடியாகப் பிடிக்கும் அந்தப் பட்டி காலடித் தாளத்தைத் துடிப்பென்று எண்ணாது. பண்ணைப் பாலத்தில் திரும்பி ஓடும்போது எனக்கு அந்த ஓர் எண் பிழையில்லாமல் வேண்டும்.