டி.பி.டி.கே., எக்ஸ்.டி.பி.: கர்னலைத் தாண்டுவதா, கர்னலுக்குள்ளேயே முந்துவதா?

நொடிக்கு 10 கிகாபிட் செல்லும் ஈதர்நெட் இணைப்பில் 64 பைட் ஃப்ரேம்கள் மட்டுமே வந்தால், நொடிக்கு ஏறத்தாழ 1.488 கோடி பாக்கெட்டுகள் வந்து சேரும். ஒரே கோர் அவற்றைக் கவனிப்பதானால் ஒவ்வொன்றுக்கும் 67.2 நானோநொடி, அதாவது 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசசரில் சுமார் 200 சுழற்சிகள்தான் கிடைக்கும். பாக்கெட்டுக்கு ஒரு எஸ்.கே.பஃப் (லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், பாக்கெட்டின் விவரங்களை வைத்துக்கொள்ளும் கட்டமைப்பு) உருவாக்கி, அடுக்கடுக்காக ஏற்றி, கடைசியில் பயனர் நிரலின் நினைவகத்துக்கு நகலெடுக்கும் லினக்ஸின் வழக்கமான பாதைக்கு அது போதாது.

இன்டெல் தொடங்கிய, பாக்கெட்டுகளை வேகமாகக் கையாளும் நிரல் நூலகத் தொகுப்பான டி.பி.டி.கே., பெரும்பாலான நெட்வொர்க் கார்டுகளைக் கர்னலின் பிடியிலிருந்தே எடுத்துப் பயனர் நிரலிடம் ஒப்படைத்துவிடுகிறது. அந்த நிரல் இன்டரப்டுக்கு (பாக்கெட் வந்துவிட்டதென்று கார்டு எழுப்பும் அறிவிப்புக்கு) காத்திராமல் கார்டின் வரிசையை ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பதால் வேகம் கிடைக்கிறது. ஆனால் ஒரு பாக்கெட்கூட வராத நள்ளிரவிலும் அந்தக் கோர் 100 சதவீதம் உழைத்துக்கொண்டிருக்கும். மின்கட்டணத்தைவிடப் பெரிய செலவு வேறொன்று: ஏ.ஆர்.பி. (ஐ.பி. முகவரிக்குரிய கார்டின் முகவரியைக் கண்டறிவது), ரூட்டிங், ஃபயர்வால், டி.சி.பி. என்று கர்னல் இதுவரை சத்தமில்லாமல் செய்துவந்த எல்லாவற்றையும் இனி நாமே எழுத வேண்டும், அல்லது ஃப்ரீ.பி.எஸ்.டி.யின் டி.சி.பி. அடுக்கைக் கொண்டுவரும் எஃப்-ஸ்டாக் போன்ற ஒன்றை நம்ப வேண்டும்.

2016இல் வெளியான லினக்ஸ் 4.8 முதல் உள்ள எக்ஸ்.டி.பி., கர்னலுக்குள் இருந்துகொண்டே, எஸ்.கே.பஃப் உருவாவதற்கு முன்பாக, டிரைவரிலேயே ஒரு சிறு இ.பி.பி.எஃப். நிரலை (கர்னலுக்குள் நாமே ஏற்றி ஓட்டக்கூடிய வகை நிரலை) ஓட்டுகிறது. வேண்டாததை அங்கேயே வீசிவிட்டு, மற்றதை வழக்கமான பாதைக்கே அனுப்பிவிடலாம். 2018இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் ஒரே கோர் நொடிக்கு 2.4 கோடி பாக்கெட்டுகளை வீசியதாகப் பதிவாகியுள்ளது. அதே சோதனையில் டி.பி.டி.கே. அதையும் மிஞ்சியது உண்மைதான். நிரல் பாதுகாப்பானதா என்று ஏற்றும்போதே சோதிக்கும் கர்னலின் சரிபார்ப்பான் ஏற்காத நிரல் ஓடாது என்பதால், சிக்கலான தர்க்கத்தை எழுதுவோர் இங்கே அடிக்கடி முட்டிக்கொள்வர். பாக்கெட்டைப் பயனர் நிரலுக்கே கொண்டுவரும் ஏ.எஃப்.-எக்ஸ்.டி.பி. இடைவழிதான் என்றாலும், டிரைவரின் ஆதரவு இல்லையேல் நகலெடுப்பு திரும்பிவந்துவிடும்.

ஆகவே, பாக்கெட்டைக் கடத்துவதைத் தவிர வேறு வேலையில்லாத இயந்திரத்துக்கு டி.பி.டி.கே.யைத் தேர்ந்தெடுப்பேன், மற்றச் சேவைகளும் ஓடும் சர்வருக்கு எக்ஸ்.டி.பி.யே போதும், வரும் இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் ஃபேஸ்புக்கின் லோட் பேலன்சரான கட்ரான் அந்த வழியில்தான் இயங்குகிறது. டி.பி.டி.கே.யில் பாக்கெட்டுகள் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வழக்கமான கருவியான டி.சி.பி.டம்ப்பின் கண்ணில் படுவதில்லை என்று குறைகூறுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: எக்ஸ்.டி.பி. வீசியெறிந்த பாக்கெட்டையும் அது பார்ப்பதில்லை.