தாராவி பக்கத்து கவர்மெண்ட் ஓஎஸ்டி சென்டர் (ஹெராயின் மாதிரி போதைக்கு பதிலா மாத்து மருந்து தர்ற இடம்): 4 ஸ்டார்
தம்பிக்கு பிரவுன் சுகர், அதாவது கலப்பட ஹெராயின் பழக்கம், அதுக்குதான் இங்க கூட்டிட்டு வரோம், பைசா வாங்கறதில்ல. நர்ஸ் அக்கா ப்யூப்ரினார்ஃபின்ங்கற அந்த மாத்து மருந்து மாத்திரைய பொடிச்சு நாக்குக்கு அடியில போட்டு, கரையற வரைக்கும் எதிர்லயே உக்கார வெச்சு வாயத் திறந்து காட்டச் சொல்வாங்க, அதுல குறையே இல்ல. தொல்லை வெளியதான், கேட் பக்கத்துல போலீஸ் வண்டி நின்னா பாதி பேர் உள்ளயே வரமாட்டானுங்க, அன்னிக்கு டோஸ் போச்சு, ராத்திரி திரும்ப அதே பொட்டலம். என்டிபிஎஸ்ங்கற போதைப்பொருள் சட்டம் 27வது பிரிவுல யூஸ் பண்ணாலே குத்தம், ஹெராயின்னா 1 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஃபைன், இல்ல ரெண்டும். அதே சட்டத்துல 64ஏ, தானா வந்து ட்ரீட்மெண்ட் முழுசா முடிச்சா கேஸ்லேர்ந்து விலக்குனும் இருக்கு, இத தமிழ்ல ஒரு போர்டு எழுதி மாட்டினா என்னவாம்? டைமிங்கும் மோசம், கூலி வேலைக்குப் போறவன் பகல்ல எப்படி வருவான். நேர்ல வர பயமா இருந்தா முதல்ல போதை மீட்பு ஹெல்ப்லைன் 14446க்கு போன் போடுங்க, ஃப்ரீதான்.