பரிசா, சொந்த விருப்பமா: மாமாவை நடக்க வைப்பது எது?

திருகோணமலையில் காலை நடைக்கு இடப் பஞ்சமில்லை. டச்சு விரிகுடாக் கரை இருக்கிறது. பிரெட்றிக் கோட்டைக்குள் மான்களை விலக்கிக்கொண்டு கோணேசர் கோயில்வரை ஏறலாம். ஆனாலும் நீரிழிவுக்கார மாமாவைப் படியிறக்குவது பெரும்பாடு.

ஒரு வழி அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னருடையது: வேண்டிய நடத்தைக்கு உடனே வெகுமதி கொடுத்தால் அது மீண்டும் நிகழும். நடந்து வந்தால்தான் தேநீரும் பத்திரிகையும் என்று மாமி போட்ட சட்டம் இந்த வகை. (சீனியில்லாத தேநீர் வெகுமதியா என்பது வேறு வழக்கு.) சட்டம் தளர்ந்தால் நடையும் தளரும்.

மற்றது, உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரையனும் வளர்த்த சுயநிர்ணயக் கோட்பாடு. தானே தெரிவுசெய்தது, தன்னால் முடிகிறது, கூட ஆள் உண்டு என்ற மூன்று உணர்வுகளும் இருந்தால் ஊக்கம் உள்ளிருந்தே வரும் என்கிறது. டெசியின் 1971 ஆய்வில் கனசதுரப் புதிரை அடுக்கக் காசு பெற்ற மாணவர்கள், காசு நின்றபின் ஓய்வு நேரத்தில் அதைக் குறைவாகவே தொட்டார்கள். 1973இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், பரிசு தருவதாகச் சொல்லி வரையவைத்த மழலைகள் பின்னர் குறைவாக வரைந்தார்கள். எதிர்பாராமல் கிடைத்த பரிசு அப்படிக் கெடுக்கவில்லை.

ஆனால் இந்தக் கேடு, முன்பே பிடித்துப்போன வேலைக்குத்தான். நடையை வெறுக்கும் மாமாவிடம் கெடுவதற்கு விருப்பம் எங்கே இருக்கிறது? ஆகவே மாமி, தொடக்கத்தில் தேநீர்ச் சட்டம் இருக்கட்டும். கடற்கரையா கோட்டையா, யாரோடு, எத்தனை மணிக்கு என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.