படகுக் கழிப்பறை: கைப்பம்பா, பெட்டியா?

உவரியிலோ கூட்டப்புளியிலோ விடியலில் வள்ளம் இறக்கி மதியத்துக்குள் கரை சேர்பவர்களுக்கு இந்தப் பேச்சு தேவையில்லை. என் ஃபைபர் படகு தூத்துக்குடியில் நிற்கிறது. கடல் ஆய்வுக்கு மாணவ மாணவியரை ஏற்றிக்கொண்டு போகிறது. படகில் ஒதுங்க இடமில்லை என்பதற்காக முந்தைய இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வரும் பெண்களை வெயிலில் ஏற்றிச் செல்வது நியாயமில்லை என்று பட்டது. அதனால் கழிப்பறை வைக்க முடிவு செய்து, கிடைப்பவற்றை அலசினேன்.

வாளியும் மறைப்புத் துணியும் மிக மலிவு. ஆண்கள் மட்டும் போகும் படகுக்குப் போதும். மற்றபடி அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தென்னை நார்க் கழிவைப் போட்டு மட்கவைக்கும் கழிப்பறை நம் ஊருக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. நார்க் கழிவுக்கு இங்கே பஞ்சமும் இல்லை. ஆனால் அதில் சிறுநீர் தனியே பிரிய வேண்டும். கழுவும் தண்ணீர் உள்ளே போனால் மட்குவது கெடும். தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கமுள்ள நமக்கு அது எப்படி ஒத்துவரும் என்பதைப் பயன்படுத்திப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

மிஞ்சியவை இரண்டு. ஒன்று, எடுத்துச் செல்லும் பெட்டி. மேலே நல்ல தண்ணீர்த் தொட்டி, கீழே கழிவுத் தொட்டி, நடுவில் இழுத்து மூடும் தகடு. இன்னொன்று, கடல் நீரை இழுத்து அடித்து வெளியே தள்ளும் கைப்பம்புக் கழிப்பறை. நான் வாங்கியது இரண்டாவது. எனவே என் பேச்சு அந்தப் பக்கம் சாய்ந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பெட்டிக்குப் படகைத் துளைக்க வேண்டாம், குழாய் வேண்டாம், வாங்கிய அன்றே வைத்துக்கொள்ளலாம். தகட்டைச் சுற்றியுள்ள ரப்பருக்கு அவ்வப்போது சிலிக்கான் கிரீஸ் தடவினால் கசிவதில்லை. நம் வெயிலில் கீழ்த்தொட்டியில் வாயு சேர்ந்து அழுத்தம் ஏறும். ஆகவே தகட்டை இழுக்கும் முன் காற்றுத் திறப்பை அழுத்தி வாயுவை வெளியேற்றிவிட வேண்டும். ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்து ஊற்றியிருந்தால், அந்தக் கழிவை வீட்டுச் செப்டிக் டேங்கில் கொட்டுவது நல்லதல்ல. டேங்கில் வேலை செய்யும் நுண்ணுயிர்களை அந்த மருந்து கொன்றுவிடும்.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. எனக்குச் சமாளிக்க முடியாமல் தோன்றியது வேறு. 20 லிட்டர் தொட்டி நிறைந்தால் எடை 20 கிலோவுக்கு மேல். ஆடும் படகிலிருந்து மேடைக்கு அதை ஏற்றி, கரையிலுள்ள கழிப்பறை வரை தூக்கிச் சென்று, கொட்டி, கழுவி எடுத்துவர வேண்டும். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் இதை யார் செய்வது? சம்பளத்துக்கு வரும் பையன்தான், அதிலும் படகில் யாருடைய பேச்சு எடுபடாதோ அவன்தான் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தொடுமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அடுத்தவன் தலையில் கட்டித்தான் பராமரிக்க முடியும் என்ற பொருளை வாங்க எனக்கு மனமில்லை.

கைப்பம்பிலும் அழுக்கு வேலை உண்டு. ஆனால் அது வருடத்துக்கு ஒருமுறை, திருப்புளியும் ஒரு மணி நேரமும் இருந்தால் முதலாளியே உட்கார்ந்து முடிக்கக்கூடிய வேலை. வீட்டு அடிபம்பைக் கழற்றி வாசர் மாற்றியவருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. உருளைக்குள் ஒரு பிஸ்டன், அதைச் சுற்றி ஓரிங் என்னும் ரப்பர் வளையம், கீழே மடங்கித் திறக்கும் ரப்பர் வால்வு, வெளியேறும் வாயில் ஜோக்கர் வால்வு என்று சொல்லும் வாத்து அலகு போன்ற ரப்பர். பெரும்பாலான தொல்லைகள் இந்த ரப்பர்களில்தான் தொடங்குகின்றன.

கோளாறைக் கண்டுபிடிக்க, கிண்ணத்துக்குள் தானாக ஏறும் தண்ணீரைப் பார்த்தால் போதும். கலங்கி நாறினால், வெளியே போனது திரும்பி வருகிறது. ஜோக்கர் வால்வு தளர்ந்துவிட்டது, அல்லது அதன் வாயில் ஏதோ சிக்கியிருக்கிறது. தெளிந்த கடல் நீராக இருந்தால், உள்ளே இழுக்கும் பக்கத்தில் கசிவு. பிடி வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீரே வரவில்லையென்றால், முதலில் படகின் அடியில் கடல் நீரை உள்ளே விடும் அடித்துளை வால்வு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் ஓரிங் தேய்ந்திருக்கும், அல்லது சொறிமீனோ பாசியோ உறிஞ்சு குழாயை அடைத்திருக்கும். அழுத்திய பிடி எதிர்த்து மேலே வந்தால் வெளிக்குழாயில் அடைப்பு. அப்போது பலத்தைக் காட்டாதீர்கள். குழாய் இணைப்பு கழன்றால் உள்ளே இருப்பது முழுவதும் உங்கள் மீதுதான்.

பிடி இறுகினால் பலரும் தேங்காய் எண்ணெய் ஊற்றுவார்கள். கொஞ்ச நேரம் இலகுவாகும், அடுத்தடுத்து அடிக்கும்போது எண்ணெய் தண்ணீரோடு போய்விடும். பம்பைக் கழற்றி, உருளையைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவினால்தான் நிற்கும்.

நாளாக ஆக உண்மையான எதிரி சுண்ணாம்புப் படிவுதான். சிறுநீரும் கடல் நீரும் குழாயில் தேங்கினால், கடல் நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் வெள்ளையாகப் படிந்து இறுகும். ஒன்றரை அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 1.1 லிட்டர் நிற்கும். குழாய் 3 மீட்டர் என்றால் 3.4 லிட்டர். கிண்ணம் காலியானதும் கையை எடுத்துவிட்டால் அவ்வளவும் உள்ளேயே கிடக்கும். குழாய் முழுவதும் கழுவப்படும் வரை அடிக்க வேண்டும் என்று பயணிகளுக்குச் சொல்லிவிடுகிறேன், சுவரிலும் எழுதி வைத்திருக்கிறேன். கரைக்கு வந்ததும் வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி அடித்துவிடுகிறேன். கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றுவதில் பயனில்லை. அவ்வப்போது வினிகர் அல்லது எலுமிச்சை உப்புக் கரைசலை ஊற்றி இரவு முழுவதும் குழாயில் விட்டால் புதிய படிவு கரையும். பிளீச்சிங் பவுடர் போட்ட குழாயில் அமிலத்தை ஊற்றிவிடாதீர்கள். நச்சான குளோரின் வாயு கிளம்பும். மூடிய சிறு அறையில் அது ஆபத்து.

நாட்கணக்கில் சும்மா நின்ற படகில் முதல்முறை அடிக்கும்போது வரும் அழுகிய முட்டை நாற்றம் கழிவுடையது அல்ல. உறிஞ்சு குழாயில் தேங்கிய கடல் நீரில் நுண்ணுயிர்கள் செத்து அழுகுவதால் வருவது அது. சில முறை அடித்தால் போய்விடும்.

கைப்பம்புக்கு எதிராகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். படகின் அடியில் துளை போடுகிறோம். வெளிக்குழாயும், பம்பிலிருந்து கிண்ணத்துக்குக் கடல் நீர் போகும் குழாயும் நீர்மட்டத்துக்கு மேல் வளைந்து, வளைவின் உச்சியில் காற்று வால்வோடு இருக்க வேண்டும். அது இல்லாமல் அடித்துளை வால்வைத் திறந்து விட்டுப் போனால் கடல் தானாக உள்ளே இறங்கி, கட்டிய இடத்திலேயே படகு மூழ்கலாம். வீட்டுப் பித்தளை வால்வை அங்கே மாட்டக் கூடாது. உப்பு நீரில் துத்தநாகம் கரைந்துபோய் நொறுங்கும். வெண்கலம் வேண்டும்.

இன்னொன்று, கழிவு கடலுக்குப் போகிறது. பெரிய கப்பல்களுக்கான சர்வதேச விதி, சுத்திகரிக்காத கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால்தான் விடச் சொல்கிறது. என் சின்னப் படகு அதில் சேராது என்பதற்காக, மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளை ஒட்டிய பவளப் பாறைகள் மீது அதைக் கொட்ட முடியுமா? அந்தத் தீவுகளில் ஒன்றான வான் தீவுப் பக்கம் போகும் நாட்களில் வெளி வால்வை மூடிவிட்டு, இரவல் பெட்டி ஒன்றை வைத்துக்கொள்கிறேன். அன்று அதைத் தூக்குவது நான். கழிவுத் தொட்டி பொருத்தினால் இந்த இரட்டை வேலை இராது. ஆனால் குழாய்ச் சுவர் வழியே நாற்றம் கசிவதாகப் பொருத்தியவர்கள் சொல்கிறார்கள். அதனால் இன்னும் யோசிக்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறும்போது என் படகையும் ஏற்றி, ஜோக்கர் வால்வையும் ஓரிங்கையும் மாற்றிவிடுகிறேன். பழையது நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் மாற்றுகிறேன். வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்கும் முன், அந்த மாடலுக்கு ரப்பர் உதிரி செட் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்குமென்றால் பம்போடு இரண்டு செட் சேர்த்தே வாங்குங்கள். இல்லையென்றால் அந்த மாடல் வேண்டாம்.