ஏற்காட்டுக் குளிரில் நான்கு வருடம் கேஸ் கீசரோடு

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் வீடு. மழை பிடித்துவிட்டால் கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பியில் விழுந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். அதனால் நான்கு வருடத்துக்கு முன் கரண்ட் கீசரைக் கழற்றி சேலத்தில் தம்பி வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் கேஸ் கீசர் ஒன்றை வாங்கி மலையேற்றினேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், உள்ளே இருக்கும் சமாச்சாரம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் எட்டு மாதம் பிரச்சினையே இல்லை. அப்புறம் ஒருநாள் குழாயைத் திறந்தால் டிக் டிக் டிக் என்று பொறி அடிக்கிறது, தீ மட்டும் பிடிக்கவில்லை. சேலத்திலிருந்து மெக்கானிக் தம்பி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, கவரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "போர்டு போயிருச்சுங்கண்ணா" என்றார், பொறியையும் கேஸையும் கட்டுப்படுத்தும் சின்ன சர்க்யூட் போர்டைத்தான் சொன்னார். மாற்றினார், எரிந்தது, பணம் கொடுத்தேன். மூன்று மாதத்தில் மறுபடியும் அதே டிக் டிக். அவருக்குப் போன் போட நான் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தபோது, வீட்டில் மனைவி டார்ச்சில் இருந்த பெரிய செல் இரண்டையும் எடுத்து, கீசரின் செல் பெட்டியில் போட்டுப் பார்த்தாள். குப்பென்று பற்றிக்கொண்டது! அன்றைக்கு அந்த மெக்கானிக் போர்டோடு சேர்த்துப் புது செல்லும் போட்டிருக்கிறார், வேலை செய்தது அதுதான். பொறி அடிக்க செல்லில் கொஞ்சம் தெம்பு இருந்தால் போதும், ஆனால் கேஸ் வால்வைத் திறந்து பிடித்து வைக்க அது போதாது. அதனால் சத்தம் கேட்கிறது என்பதற்காக செல் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். சிக்கனமாக இருக்கட்டும் என்று சார்ஜ் ஏற்றும் செல்லையும் போட்டுப் பார்த்தேன், சரிப்படவில்லை. சாதா செல் 1.5 வோல்ட், இரண்டுக்கு 3 வோல்ட், சார்ஜ் ஏற்றுவது 1.2 தான், இரண்டும் சேர்ந்தாலே 2.4. இன்னொன்று, இந்த ஊர் ஈரத்துக்கு செல் பெட்டியின் தகட்டில் பச்சையாகப் பூத்துவிடும். மாதம் ஒருமுறை உப்புத்தாளால் தேய்த்துவிடுகிறேன்.

அடுத்த வருடம் வேறு கதை. குழாயைத் திறந்தால் டிக் சத்தமே இல்லை. இந்த மாதிரிக் கீசரில் எல்லாவற்றையும் தொடங்கி வைப்பது தண்ணீர்தான்: உள்ளே வரும் தண்ணீர் டயாஃப்ரம் என்ற ஒரு ரப்பர் சவ்வைத் தள்ள வேண்டும், அது ஒரு ஊசியைத் தள்ள வேண்டும், ஊசி போய் சின்ன சுவிட்சைத் தொட வேண்டும், அதற்குப் பிறகுதான் பொறி, கேஸ் எல்லாம். ஆக, செல் புதிதாக இருந்தும் சத்தமே வரவில்லை என்றால் கேஸ் பக்கம் போகவே வேண்டாம். தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் சல்லடையைக் கழற்றினேன், மழைக்காலத்துக் கிணற்று வண்டல் களிம்பாக அடைத்திருந்தது. கழுவிய பிறகு பக்கெட் குழாயில் எரிந்தது, ஷவரைத் திறந்தால் அணைந்தது. இது இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. கடைசியில் டேங்க்கை நிமிர்ந்து பார்த்தேன். 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. எங்கள் டேங்க்கின் அடிப்பாகம் கீசருக்கு மேல் ஐந்தடிதான், அப்படியென்றால் 0.15 பார். கூட வந்த கையேட்டில் குறைந்தது 0.25 வேண்டும் என்று போட்டிருக்கிறது, படித்தால்தானே. ஐந்தடி உயர இரும்பு ஸ்டாண்டு அடித்து டேங்க்கை ஏற்றிவிட்டு, பொடித் துளை ஷவரையும் மாற்றினேன். பம்பு வைத்திருக்கலாம், ஆனால் அதற்கும் கரண்ட் வேண்டுமே.

மே மாதம் கோடை விழாவுக்கு சொந்தக்காரர்கள் வந்து வரிசையாகக் குளித்தபோது, மூன்றாவது ஆள் சோப்போடு நின்று கத்தினார். அது ரிப்பேரே இல்லை. தொடர்ந்து 20 நிமிடம் ஓடினால் தானாக அணைந்துவிடும், பாதுகாப்புக்கு வைத்தது. குழாயை மூடித் திறந்தால் சரி.

டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் வெந்நீர் வெதுவெதுப்பாகவே வருவதற்குக் காரணம் சிலிண்டர். உள்ளே திரவமாக இருப்பது ஆவியாகித்தான் வெளியே வருகிறது, ஆவியாக ஆக சிலிண்டரே குளிர்கிறது, வெளிக்குளிரும் சேர்ந்தால் அழுத்தம் இறங்கிவிடுகிறது. முக்கால்வாசி தீர்ந்த சிலிண்டரில் இது இன்னும் மோசம். பக்கத்து எஸ்டேட் அண்ணன் ஒருவர் சிலிண்டரைச் சுடுதண்ணீர் அண்டாவில் வைக்கச் சொன்னார். தயவுசெய்து அந்த வேலை வேண்டாம். நான் செய்வது, எடை குறைந்த சிலிண்டரை அடுப்புக்கு மாற்றிவிட்டு நிறைந்ததைக் கீசருக்கு வைப்பது. அடுப்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இழுக்கும், கடைசிச் சொட்டு வரை எரியும்.

எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது ஒரே ஒருமுறை. கீசர் பாத்ரூமுக்கு வெளியே, பின்பக்கத் தாழ்வாரத்தில் இருக்கிறது, உள்ளே மாட்டவே கூடாது என்பதில் நான் தெளிவாக இருந்தேன். ஆனால் ஆடிக்காற்று தீயை அணைத்துக்கொண்டே இருந்ததால், அதிபுத்திசாலித்தனமாகத் தாழ்வாரத்தை பாலித்தீன் ஷீட்டால் சுற்றிக் கட்டினேன். தீ அணைவது நின்றது. நான்கைந்து நாளில் நீலத்தீ மஞ்சளாக மாறி மேல் தகட்டில் கரி படிந்தது, துணி துவைக்க அங்கே நின்ற மனைவி தலைவலி, மயக்கமாக வருகிறது என்றாள். காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு. கேஸ் கசிந்தாலாவது நாற்றம் காட்டிக் கொடுக்கும், இதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அன்றைக்கே ஷீட்டைப் பிய்த்தேன். இப்போது காற்றடிக்கும் பக்கம் மட்டும் இடுப்புயரச் சுவர், மற்ற பக்கமெல்லாம் திறப்பு. ஆடியில் இரண்டு தடவை அணைந்தால் அணைந்துவிட்டுப் போகட்டும்.

சேலத்தில் இருக்கும் என் தம்பி தனக்கும் ஒன்று வாங்கலாமா என்று கேட்டான். சேலத்து வெயிலுக்கு எதற்கு, மாடியில் டேங்க் தண்ணீரே பாதி நாள் சுடுகிறது என்று சொல்லிவிட்டேன். இங்கே மேலே என்றால் மறுபடியும் இதையேதான் வாங்குவேன்.

நேற்றிலிருந்து டிக் சத்தம் கொஞ்சம் இழுத்து இழுத்து வருகிறது. சனிக்கிழமை ஒண்டிக்கடைப் பக்கம் போகும்போது செல் வாங்க வேண்டும்.